கஞ்சா மருந்தைத் தேடும் முன்னர்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நோயாளருக்கும் குடும்பத்தினருக்குமான முழுமையான வழிகாட்டி

புற்றுநோயோடு படுக்கையில் இருக்கும் தாய்க்கோ, ஒரே நாளில் பலமுறை வலிப்பு வரும் பிள்ளைக்கோ கஞ்சா எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி, எமது குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கடல் கடந்தே வந்து சேர்கிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் தம்பி வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்: "அக்கா, இங்க இதைக் கடையிலயே விக்கிறாங்க. டொக்டரும் எழுதிக் குடுக்கிறார். நான் ஒரு போத்தல் போட்டு விடுறன்." அவர் சொல்வது பொய்யல்ல. கனடா 2001ஆம் ஆண்டிலிருந்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்து வருகிறது. பிரித்தானியாவில் 2018 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து விசேட வைத்தியர்கள் அதனை எழுதிக் கொடுக்கலாம். ஜேர்மனி 2017இலும் தாய்லாந்து 2019இலும் அதே வழியில் சென்றன. ஆனால் அங்குள்ள நோயாளருக்குத் திறந்திருக்கும் அந்தக் கதவு இங்குள்ள நோயாளருக்குத் திறந்திருக்கவில்லை. அதைவிட முக்கியமாக, இங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் வேறொரு கதவை எமது மக்களிற் பலர் தட்டுவதே இல்லை.

கஞ்சாவைத் தேடும் பெரும்பாலான குடும்பங்களில் தணிக்கப்படாத ஒரு வேதனை இருக்கிறது. அந்த வேதனையைச் சரியாகப் பெயரிட்டு, அதற்காக அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையை முழு அளவில் கேட்டுப் பெறுவதே முதலில் செய்யவேண்டியது என்பது எனது உறுதியான எண்ணம். அதன் பின்னரும் கஞ்சா மருந்து மட்டுமே மிஞ்சும் நோயாளர் மிகச் சிலரே. அவர்களுக்கும் சட்டத்துக்கு உட்பட்டு முயன்று பார்க்க ஒரு வழி உண்டு. இவ்வழிகாட்டி அந்த ஒழுங்கிலேயே செல்கிறது. இது வைத்திய ஆலோசனைக்கு மாற்றீடு அன்று. வைத்தியரிடம் தயாராகச் செல்வதற்கான துணையே.

முதற்படி: எந்த வேதனைக்காக மருந்து தேடுகிறீர்கள் என்பதை எழுதுங்கள்

"உடம்பு சரியில்லை", "தாங்க முடியவில்லை" என்ற சொற்களை வைத்துக்கொண்டு எந்த வைத்தியராலும் சரியான மருந்தைத் தெரிவுசெய்ய முடியாது. ஒரு சாதாரணக் கொப்பியை எடுத்து, ஒரு வாரத்துக்கு நாள்தோறும் குறித்து வையுங்கள். வலி என்றால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவில் எத்தனை என்று எழுதுங்கள். பூச்சியம் என்பது வலியே இல்லை. பத்து என்பது கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி. வலியின் தன்மையையும் நோயாளியின் சொல்லிலேயே பதியுங்கள். எரிவது போன்ற வலி, மின்சாரம் அடிப்பது போன்ற வலி, விறைப்புடன் வரும் வலி ஆகியவை நரம்பு சார்ந்தவையாக இருக்கக்கூடும். அவற்றுக்கான மருந்து எலும்பு வலிக்கான மருந்திலிருந்து வேறுபடும். இரவில் வலியால் எத்தனை தடவை விழித்தார், கொடுத்த குளிசை எத்தனை மணித்தியாலம் தாங்கியது என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாந்தி என்றால் புற்றுநோய்க்கு மருந்தேற்றிய அன்றா, மறுநாளா, அல்லது மருந்தேற்ற வரும் முன்னரேயா என்று பாருங்கள். வலிப்பு என்றால் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் வேண்டும்; முடிந்தால் ஒரு தடவையாவது கைத்தொலைபேசியில் காணொளியாகப் பதிந்துகொள்ளுங்கள். பத்துப் பேர் வாயால் விபரிப்பதைவிட அந்தக் காணொளி நரம்பியல் வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

இரண்டாம் படி: கஞ்சா மருந்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கஞ்சாச் செடியில் உள்ள சேர்மங்களுள் இரண்டு மருத்துவத்தில் அதிகம் பேசப்படுகின்றன. டி.எச்.சி. என்பது போதை தருவது; வாந்தியையும் தசை இறுக்கத்தையும் ஓரளவு குறைக்கும். சி.பி.டி. போதை தருவதில்லை, சிலவகை வலிப்புகளைக் குறைக்கும். உலகில் முறையான பரிசோதனைகளைக் கடந்து மருந்தாக அங்கீகாரம் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. செயற்கையாகத் தயாரிக்கப்படும் ட்ரொனபினோல், நபிலோன் ஆகிய இரண்டையும் அமெரிக்கா 1985இல் புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்கு அங்கீகரித்தது. சட்டிவெக்ஸ் என்ற வாய்த்தெளிப்பு மருந்து 2010இல் பிரித்தானியாவில், மூளையையும் முண்ணாணையும் தாக்கும் பன்முகத் தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்) நோயால் ஏற்படும் தசை இறுக்கத்துக்கு அனுமதி பெற்றது. தூய்மையாக்கப்பட்ட சி.பி.டி. திரவமான எப்பிடியோலெக்ஸ், டிராவே, லெனொக்ஸ்-கஸ்டோ எனப்படும் இரு கடுமையான சிறுவர் வலிப்பு நோய்களுக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2020இல் ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற நோயால் வரும் வலிப்பும் அதனோடு சேர்க்கப்பட்டது.

இந்தச் சிறிய பட்டியலுக்கு வெளியே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி ஆதாரம் குறைந்தது. புற்றுநோயையே கஞ்சா எண்ணெய் கரைத்துவிடும் என்பது ஆய்வுகூடத்துக் கலங்களிலும் எலிகளிலும் கண்டவற்றை மனிதருக்கு நீட்டிச் சொல்லும் கூற்று. மனிதரில் அது நிறுவப்படவில்லை. இதை நம்பி மருந்தேற்றுவதையோ சத்திரசிகிச்சையையோ தள்ளிப்போடுபவர் குணப்படுத்தக்கூடிய காலத்தை இழந்துவிடுகிறார். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் எச்சரிக்கை இதுவே. கண் அழுத்த நோய்க்கும் கஞ்சா உகந்ததன்று. அது அழுத்தத்தைக் குறைப்பது சில மணித்தியாலங்களுக்கு மட்டுமே, ஆனால் அந்த நோய்க்கு நாள் முழுவதும் கட்டுப்பாடு தேவை.

நாட்பட்ட வலியைப் பொறுத்தவரை நிபுணர்களே ஒருமித்து நிற்கவில்லை. அமெரிக்கத் தேசிய கல்விக்கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, வளர்ந்தோரின் நாட்பட்ட வலியில் பயன் உண்டு என்பதற்குக் கணிசமான சான்று இருப்பதாகக் கூறியது. பிரித்தானிய அரச சுகாதார சேவைக்கு ஆலோசனை வழங்கும் நைஸ் நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டலோ நாட்பட்ட வலிக்குக் கஞ்சா மருந்துகளைக் கொடுக்கவேண்டாம் என்றது. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கமும் 2021இல் அவற்றுக்கு ஆதரவளிக்க மறுத்தது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், சிலருக்குச் சிறிதளவு பயன் கிடைக்கலாம், ஆனால் கடுமையான புற்றுநோய் வலிக்கு அது மோர்பின் என்ற வலுவான வலிநிவாரணிக்கு ஈடாகாது என்பதே நியாயமான முடிவாகத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மோர்பின் உண்டு. கஞ்சா மருந்து எதுவும் இல்லை.

மூன்றாம் படி: சட்டம் எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் கஞ்சாவை ஆளும் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப் பொருட்கள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். செடியையும் அதன் பிசினையும் அதிலிருந்து தயாரிக்கப்படுபவற்றையும் அனுமதியின்றி வைத்திருப்பதும் வளர்ப்பதும் விற்பதும் நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம். நோயாளி என்பதற்காக ஒருவருக்கு அடையாள அட்டையோ விதிவிலக்கோ வழங்கும் திட்டம் எதுவும் இங்கே இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27 வாக்குகளுக்கு 25 என்ற மிகச் சிறிய வேறுபாட்டில், 1961ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சமவாயத்தின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆயினும் அது முதலாம் அட்டவணையில் தொடர்ந்தும் உள்ளது. அந்த வாக்கெடுப்பு எந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தையும் தானாக மாற்றவில்லை. அண்மைக் காலத்தில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட முதலீட்டாளருக்கு இடமளிக்கும் அரசாங்கத்தின் முடிவைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, "இனி இங்கேயும் சட்டப்படி வாங்கலாம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவு ஏற்றுமதியைப் பற்றியது. உள்நாட்டு நோயாளரின் கைக்கு மருந்து கொடுப்பதைப் பற்றியதன்று.

ஆகவே வெளிநாட்டு உறவினர் அனுப்பும் போத்தல், அனுப்புபவர் வாழும் நாட்டில் கடைப்பொருளாக இருந்தாலும், சுங்கத்தில் பிரிக்கப்படும்போது பொதியில் எழுதப்பட்டுள்ள பெயருக்கு உரியவரே பதில் சொல்லவேண்டியவர் ஆகிறார். அந்தப் பெயர் பெரும்பாலும் நோயாளியைப் பராமரிக்கும் மகளுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். வீட்டில் நோயாளியைத் தூக்கி வைக்க இருக்கும் ஒரேயொருவர் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் நிலை வந்தால், மருந்து தேடியதன் நோக்கமே கெட்டுவிடும். சென்னைக்கு வைத்தியத்துக்குச் செல்பவர்களும் கவனிக்கவேண்டும். அங்கே கஞ்சா இலையிலிருந்து செய்த ஆயுர்வேதப் பொருட்கள் விற்பனையில் இருப்பதற்குக் காரணம், 1985ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் கஞ்சா என்பதன் வரைவிலக்கணத்தில் தனி இலையையும் விதையையும் சேர்க்காததாகும். அந்த விலக்கு கட்டுநாயக்க விமான நிலையத்தில் செல்லாது. மத்திய கிழக்கில் வேலை செய்பவரோ அங்கு செல்ல மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருப்பவரோ வீட்டில் இருந்தால் இன்னும் கடுமையான எச்சரிக்கை தேவை, டி.எச்.சி.யின் தடயம் சிறுநீரில் நாட்கணக்கிலும், தொடர்ந்து பாவித்தவரில் வாரக்கணக்கிலும் தங்கியிருக்கும்.

சட்டத்தை ஒரு புறம் வைத்தாலும் அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2017இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்தது. மேலொட்டியில் உள்ள அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18 பொருட்களில் டி.எச்.சி. காணப்பட்டது. உதவ விரும்பும் உறவினரிடம் நன்றியோடு சொல்லக்கூடியது ஒன்று உண்டு: போத்தலுக்குச் செலவிடும் பணத்தை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ நோயாளியைக் கொண்டு செல்லும் வான் கூலிக்கு அனுப்பினால், அது உண்மையிலேயே சிகிச்சையாக மாறும்.

நான்காம் படி: சரியான வைத்தியசாலைக்கு, சரியான ஆவணங்களுடன் செல்லுங்கள்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, காத்தான்குடி, ஏறாவூர் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை பொது வைத்தியசாலையும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும், கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், அக்கரைப்பற்று, சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. வாகரையிலோ வெல்லாவெளியிலோ பொத்துவிலிலோ இருப்பவர் நேரடியாகப் பெரிய வைத்தியசாலைக்கு அலைவதற்கு முன்னர், அருகிலுள்ள வைத்தியசாலையில் விசேட வைத்தியருக்கான கடிதத்தைப் பெற்றுக்கொள்வது நல்லது. கிளினிக் திகதியும் அந்த வழியாகவே ஒழுங்காகக் கிடைக்கும்.

கிளினிக் கொப்பி, முன்னைய டயக்னோசிஸ் கார்ட்கள், பயொப்சி அறிக்கை, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை, இப்போது கொடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். நாட்டுமருந்து, கசாயம், சூரணம் எதுவாக இருந்தாலும் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுவான்கரையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு வரும் நோயாளிக்கு வைத்தியரோடு கிடைப்பது சில நிமிடங்களே. ஆதலால் முதற்படியில் எழுதிய கொப்பியிலிருந்து முக்கியமான மூன்று நான்கு வரிகளை ஒரு தனித்தாளில் எழுதி அதையே முதலில் நீட்டுங்கள். நோயாளி எழுந்து வர முடியாத நிலையில் இருந்தால், பராமரிப்பவர் கொப்பியோடு சென்று நிலைமையைச் சொல்லி மருந்து பெற முடியுமா என்று அந்தக் கிளினிக்கின் தாதியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: வைத்தியரிடம் மறைக்காமல் கேளுங்கள்

கஞ்சா என்ற சொல்லை வைத்தியசாலையில் உச்சரித்தாலே பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எமது மக்களிடம் இருக்கிறது. ஒரு மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்பது குற்றமாகாது. "டொக்டர், வெளிநாட்டிலிருந்து கஞ்சா எண்ணெய் அனுப்பலாம் என்று சொல்கிறார்கள். அம்மாவின் வலிக்கு அதைவிட நல்லதாக இங்கே என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி, தற்போதைய சிகிச்சை வலியைத் தணிக்கவில்லை என்பதை வைத்தியருக்கு நேரடியாக உணர்த்துகிறது.

நோயாளி ஏற்கெனவே கஞ்சா ஏதாவது ஒரு வடிவில் எடுத்துவந்தால், அதைச் சொல்லாமல் விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். சி.பி.டி. ஈரலில் பல மருந்துகள் உடைக்கப்படும் வழியைத் தடுக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் அதனோடு சேரும்போது இரத்தப்போக்கு ஏற்படலாம். வலிப்புக்கான குளோபசாமின் செயற்படும் பொருள் இரத்தத்தில் கூடி, பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கலாம். சோடியம் வல்புரோவேற்றோடு சேரும்போது ஈரல் நொதியங்கள் உயரலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் எடுக்கும் டக்ரோலிமஸின் அளவும் ஏறிவிடும். டி.எச்.சி.யோ இதயத்துடிப்பைக் கூட்டும். முதியவரில் தலைச்சுற்றலையும் குழப்பத்தையும் விழுகையையும் உண்டாக்கும். மனநோய்க்கான சாய்வு உள்ள இளைஞரில் அந்நோயைத் தூண்டக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எவ்வடிவிலும் தவிர்க்கவேண்டும்.

ஆறாம் படி: மோர்பினைப் பற்றிய பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்த விடயத்தில் சற்று நீண்ட நேரம் நிற்கவேண்டியிருக்கிறது, ஏனெனில் எமது பகுதியில் புற்றுநோயாளர் தேவையில்லாமல் வேதனைப்படுவதற்கு மருந்தின்மை மட்டும் காரணமன்று. மருந்தைப் பற்றிய பயமும் காரணமாகிறது. "மோர்பின் தொடங்கினால் கடைசிக் கட்டம்", "குடித்தால் பழகிப்போவார்", "மூச்சு நின்றுவிடும்" என்ற மூன்று கூற்றுகளையும் வீடுகளில் கேட்கலாம்.

மோர்பின் கொடுப்பது நோயின் கட்டத்தைப் பொறுத்ததன்று, வலியின் அளவைப் பொறுத்தது. சிகிச்சை முடிந்து வலி குறைந்தபின் படிப்படியாக நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. வைத்தியரின் மேற்பார்வையில் புற்றுநோய் வலிக்காக எடுப்பவருள் போதைக்கு அடிமையாவோர் அரிது. ஆனால் உடல் மருந்துக்குப் பழகுவதால் திடீரென நிறுத்தக்கூடாது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும்போது மூச்சைப் பாதிக்கும் அளவுக்குச் செல்வதும் அரிதே. கஞ்சா எண்ணெய்க்காக ஏங்கும் குடும்பமே வைத்தியர் எழுதிய மோர்பினை அலுமாரியில் பூட்டி வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் முரண்பாடு.

விரைவாகச் செயற்படும் வாய்வழி மோர்பின் பொதுவாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. வலி வந்தபின் கொடுப்பதற்குப் பதிலாக, வலி திரும்புவதற்கு முன்னரே கொடுப்பதுதான் அதன் அடிப்படை. இடையில் வலி பீறிட்டால் மேலதிகமாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அது தானாகச் சரியாகாது. ஆகையால் மோர்பின் எழுதப்படும் அன்றே மலமிளக்கியும் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். முதல் சில நாட்களில் தூக்கமும் குமட்டலும் இருக்கும். அவை பெரும்பாலும் குறைந்துவிடும். எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மூச்சு மிக மெதுவாதல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல் ஆகியவை தென்பட்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள்.

சிறுநீரகம் பழுதடைந்தவரில் மோர்பினின் கழிவுப்பொருள் உடலில் தேங்கிவிடும். எனவே சிறுநீரக நோய் இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து தேவைப்படும். நோன்பு பிடிக்க விரும்பும் நோயாளிகள், மெதுவாகச் செயற்படும் குளிசையாக மாற்றி ஸஹர், இப்தார் நேரங்களுக்கு அமைக்க முடியுமா என்று ரமழானுக்கு முன்னரே வைத்தியரைக் கேட்கலாம். அந்தக் குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. மருந்தைப் பூட்டி வையுங்கள். மிஞ்சியதை மற்றவருக்குக் கொடுக்காமல் வைத்தியசாலை மருந்தகத்தில் ஒப்படையுங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கண்டதுபோல அரச வைத்தியசாலைகளிலும் சில மருந்துகள் முடிந்துபோவதுண்டு. கையிருப்பு முடியும் நாளில் புறப்படாமல், சில நாட்கள் முன்னதாகவே செல்வது நல்லது.

நரம்பு வலிக்கு அமிற்றிப்ரிலின், கபபென்ரின் போன்றவை மோர்பினோடு சேர்த்துக் கொடுக்கப்படலாம். ஓரிடத்து எலும்பு வலிக்குக் கதிரியக்கச் சிகிச்சை சில தடவைகளிலேயே பெரும் நிவாரணம் தருவதுண்டு; அது தமக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வாந்திக்கு ஒண்டன்செற்றோன், டெக்சமெதசோன், மெற்றோகுளோப்ரமைட், ஒலன்சபைன் என்று மாற்றிச் சேர்க்கப் பல தெரிவுகள் உள்ளன. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்ததைக் கேட்பதற்குத் தயங்கவேண்டாம்.

ஏழாம் படி: வலிப்பு நோயுள்ள பிள்ளைக்காகச் செய்யவேண்டியவை

கஞ்சா மருந்துக்கு வலுவான சான்று இருக்கும் துறை இதுவே. ஆதலால் பெற்றோரின் ஆசையை வெறும் வதந்தி என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. டிராவே நோயுள்ள 120 சிறுவரிலும் இளையோரிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான பரிசோதனையில், சி.பி.டி. பெற்றவர்களின் மாதாந்த வலிப்பு எண்ணிக்கையின் நடுப்பெறுமானம் 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. மருந்தற்ற திரவம் பெற்றவர்களில் அது 14.9இலிருந்து 14.1 ஆக மட்டுமே குறைந்தது. ஆயினும் வலிப்பு முற்றாக நின்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே. இந்தப் பிள்ளைகள் தமது பழைய மருந்துகளை நிறுத்தாமல் அவற்றோடு சேர்த்தே சி.பி.டி. எடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அளவையும் கணக்குப் பார்ப்போம். எப்பிடியோலெக்ஸின் வழக்கமான அளவு, டிராவே, லெனொக்ஸ்-கஸ்டோ நோய்களில், உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். தேவைப்பட்டால் 20 வரை ஏற்றப்படும். 20 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு அது நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம். 500 மில்லிகிராம் என்று எழுதப்பட்ட ஒரு கடைப்போத்தல் இரண்டரை நாளிலோ அதற்கும் முன்னரோ தீர்ந்துவிடும். மாதம் முழுவதும் சில துளிகளாக வைத்துக் கொடுக்கும்போது பிள்ளைக்குச் சிகிச்சை அளவில் மருந்து சேர்வதில்லை. ஆனால் பெற்றோருக்கு நம்பிக்கை வந்து, வழக்கமான குளிசையைக் குறைத்துவிடுகிறார்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதால் வலிப்பு நிற்காமல் தொடரும் ஆபத்தான நிலை ஏற்படலாம்.

முதலில் வேண்டியது சரியான நோய் நிர்ணயம். டிராவே நோயில் கார்பமசெப்பின் போன்ற பொதுவான வலிப்பு மருந்துகள் நிலையை மோசமாக்கக்கூடியவை. அவற்றை மாற்றினாலேயே சில பிள்ளைகள் தேறுகிறார்கள். இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி உங்கள் சிறுபிள்ளை வைத்திய நிபுணரைக் கேளுங்கள். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அச்சேவை உண்டு. வளர்ந்தோருக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் கால்-கை வலிப்புக்கான நிலையம் உண்டு. மருந்துச் சேர்க்கை மாற்றம், கொழுப்பு மிகுந்த கீற்றோன் உணவுமுறை, சிலருக்குச் சத்திரசிகிச்சை என்று அங்கே ஆராயப்படக்கூடிய வழிகள் இன்னும் இருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு வலிப்பு நீடித்தால் காத்திராமல் 1990ஐ அழையுங்கள்.

எட்டாம் படி: சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றி

எமது சுதேச மருத்துவ மரபில் கஞ்சா சேர்ந்த லேகியங்களும் மோதகங்களும் உண்டு. பதிவுபெற்ற வைத்தியர் அத்தகைய மருந்தைத் தயாரிப்பதற்குச் சட்டம் குறுகிய ஓர் இடத்தை விட்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் பதிவும் கட்டுப்பாடும் நடைபெறுகின்றன. எனவே இவ்வழியில் செல்ல விரும்புபவர், அந்த வைத்தியர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா என்று பார்த்து, அரச ஆயுர்வேத அல்லது சித்த வைத்தியசாலை ஊடாகவே செல்லவேண்டும். பெட்டிக்கடையில் உருண்டையாக விற்கும் மதன மோதகம் இதில் சேராது. அதில் என்ன அளவு கஞ்சா உள்ளது என்பது விற்பவருக்கே தெரியாது. பொலிஸாரும் கைப்பற்றி வருகிறார்கள்.

நிவாரணத்துக்காகப் புகைக்கத் தொடங்கி இப்போது விட முடியாமல் இருப்பவருக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கிடைக்கும்.

ஒன்பதாம் படி: எல்லாம் செய்தும் போதாதபோது

மேலே சொன்ன அனைத்தையும் செய்த பின்னரும் வலிப்பு அடங்காத டிராவே பிள்ளை ஒன்று இருக்கலாம். அத்தகைய சிலருக்கு மருந்துத் தரத்திலான சி.பி.டி. கிடைக்க இந்நாட்டில் ஒழுங்கான வழி அமைக்கப்படவேண்டும் என்று நான் உளமாரக் கருதுகிறேன். தற்போது நீங்கள் செய்யக்கூடியது, விசேட வைத்திய நிபுணரிடம் எழுத்தில் ஒரு கருத்தைக் கேட்பதாகும்: நோயின் பெயர், இதுவரை கொடுத்த மருந்துகளும் அளவுகளும், அவை ஏன் போதவில்லை, எந்த மருந்து பரிந்துரைக்கப்படுகிறது என்பவை அதில் இருக்கவேண்டும். மருந்துகளின் பதிவும் இறக்குமதி அனுமதியும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கையில் உள்ளன. வைத்தியரும் வைத்தியசாலையும் முன்வந்தாலன்றிக் குடும்பம் தனியாக எதையும் தருவிக்க முடியாது. அபாயகர ஔடதச் சட்டமும் குறுக்கே நிற்பதால் அனுமதி கிடைக்கும் என்று எவரும் உறுதிகூற முடியாது.

பயணத்துக்கும் சிகிச்சைக்கும் பணம் போதாதவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குத் தமது பிரதேச செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் வைத்திய அறிக்கைகளையும் ஆயத்தமாக வைத்திருங்கள். குறித்த மருந்து பதிவுபெற்றுள்ளதா, விண்ணப்பிக்கும் முறை என்ன என்பவற்றை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதிகாரசபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தினதும் பிரதியையும், பதிவுத்தபால் பற்றுச்சீட்டையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். மறுப்பு வந்தால் அதன் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள்.